மாதம் 151.49 பவுண்ட் துண்டு: பர்மிங்காம் வழக்கும் ஒரு செலவுக் கணக்கும்

வாடகை மாதம் 700 பவுண்ட். அதற்கு அரசு தந்த ஹவுசிங் பெனிஃபிட் 548.51 பவுண்ட். துண்டு விழுந்தது 151.49. நான்கு பிள்ளைகளுடன் தனியாக இருந்த ஒரு தாயின் நிலைமை இது. வேலை இல்லை. இன்கம் சப்போர்ட், பிள்ளைகளுக்கான வரிச்சலுகைத் தொகை, சைல்ட் பெனிஃபிட் என்று வருமானம் முழுக்க அரசு உதவிதான். வாடகை பாக்கி ஏறியது, 2011-ல் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்தார், வீடு கைவிட்டுப் போனது. அவர் பர்மிங்காம் மாநகராட்சியிடம் போய், தங்க இடமில்லை என்று விண்ணப்பித்தார். 'நீங்கள் வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்' என்று மாநகராட்சி எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த ஒரு வரியை அழிக்க பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்த நாள் 2019 ஜூன் 12. அவர் பெயர் வழக்கின் தலைப்பிலேயே இருக்கிறது. இங்கே அது தேவையில்லை, தாய் என்றே சொல்கிறேன்.

வீட்டு வசதி ஆலோசனை வேலையில் இருப்பவர்கள் இந்த வழக்கைச் சட்ட மேற்கோளாக அடிக்கடி எடுத்துப் போடுவார்கள். சரி, மேற்கோள் வேண்டும்தான். ஆனால் எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. மூன்று நீதிமன்றங்கள் ஏறிய இந்த வழக்கு, கடைசியில் ஒரு வீட்டின் மாதச் செலவுக் கணக்கு எழுதிய தாளின் மேல்தான் நின்றது. அந்தத் தாளை யார், எப்போது, யாருடைய உதவியோடு நிரப்புகிறார்கள் என்பதுதான் ஆலோசனை சேவையின் முதல் வேலை. அதைச் சரியாகச் செய்தால் வழக்குக்கே தேவையிருக்காது.

முதலில் சட்டத்தை ஓரளவு சொல்லிவிடுகிறேன். வீடில்லாதவர்களுக்கு இடம் தருவது உள்ளாட்சியின் கடமை என்று இங்கிலாந்தில் தனிச் சட்டமாக முதன்முதலில் எழுதியது 1977-ல். இன்று நடைமுறையில் இருப்பது 1996-ம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின் 7-ம் பகுதி. முழுக் கடமை பிறக்க வேண்டுமானால் விண்ணப்பதாரர் சில வாசல்களைத் தாண்ட வேண்டும். குடிவரவு நிலை உதவி பெறத் தகுதி தர வேண்டும். சட்டப்படி வீடற்றவராக இருக்க வேண்டும். முன்னுரிமைப் பிரிவில் வர வேண்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் அது தானாகவே வந்துவிடும். அடுத்து, வீட்டைத் தானே வேண்டுமென்று இழந்திருக்கக் கூடாது. இத்தனையும் தாண்டினாலும், உள்ளூரோடு எந்தத் தொடர்பும் இல்லையென்றால் வேறு கவுன்சிலிடம், அதாவது வேறு ஊர் உள்ளாட்சியிடம், அனுப்பிவிடலாம்.

இந்தத் தாய் தடுக்கி விழுந்தது நான்காவதில். அதைச் சொல்வது 191-ம் பிரிவு. ஒருவர் தெரிந்தே ஏதோ ஒன்றைச் செய்து, அல்லது செய்யாமல் விட்டு, அதனால் வீட்டை இழந்திருக்க வேண்டும். அதோடு, அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது அவருக்கு நியாயமாக இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். வாடகை கட்டவில்லை என்றதும் 'தெரிந்தே செய்தார்' என்று முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டுப்படியாகாத வீட்டில் தொடர்ந்து இருக்கச் சொல்வது நியாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. கட்டுப்படியாகிறதா என்று பார்க்கும்போது வருமானம், வாடகை ஆகியவற்றோடு 'மற்ற நியாயமான வாழ்க்கைச் செலவுகளையும்' கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1996-லேயே தனி ஆணை வந்துவிட்டது. அப்போது நடப்பில் இருந்த 2006 வழிகாட்டி நெறியும், வாடகை போக மிஞ்சுவது இன்கம் சப்போர்ட் அளவுக்குக் கீழே போனால் அந்த வீடு கட்டுப்படியாகாது என்று எடுத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது.

ஆக, கேள்வி ஒன்றுதான். அந்த 151.49 பவுண்டை அவர் வேறு எங்கிருந்தாவது எடுத்திருக்க முடியுமா?

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஹவுசிங் பெனிஃபிட் போக அவருக்கு மாதம் வந்தது 1,349.33 பவுண்ட். வழக்கறிஞர்கள் கொடுத்த பட்டியலில் வாடகை தவிர்த்த செலவு 1,234.99. மேலோட்டமாகப் பார்த்தால் 114 பவுண்ட் சொச்சம் மிச்சம் இருப்பது போலத் தெரியும். வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வரவு 1,897.84, செலவு 1,934.99. மாதாமாதம் 37.15 பவுண்ட் குறைகிறது. பட்டியலில் பெரிய இனம் சாப்பாடும் வீட்டுச் சாமான்களும், 750 பவுண்ட். ஒரு தாய், நான்கு பிள்ளைகள், ஐந்து பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 பவுண்டுக்கும் சற்றுக் கீழே. அதற்குள் சோப்பும் டிஷ்யூவும் பாத்திரம் கழுவும் திரவமும் அடக்கம். மீதியெல்லாம் எந்த வீட்டிலும் இருப்பதுதான்: கேஸ், கரண்ட், உடுப்பு, பள்ளிக்கூடச் சாப்பாடு, போக்குவரத்து.

தொடக்க முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்டார்கள். 2013 டிசம்பரில் மறுபரிசீலனை அதிகாரியும் அதே முடிவைச் சொன்னார். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: வாரம் 311 பவுண்டுக்கு மேல் வருகிற குடும்பத்தில், வாரம் 34 பவுண்ட் வாடகைத் துண்டைச் சமாளிக்கப் போதிய நெகிழ்வு இல்லை என்பதை ஏற்க முடியாது.

இந்தப் பேச்சை வேறு வேறு அலுவலகங்களில், வேறு வேறு சொற்களில், இந்த வேலையில் இருக்கிற எவரும் கேட்டிருப்பார்கள். 'கொஞ்சம் சிக்கனமாக இருந்திருந்தால்' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 311-ல் 34, பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அந்த 311 எதற்காகக் கொடுக்கப்பட்டது? வாடகைக்கு அல்ல. ஒரு பெரியவரும் நான்கு பிள்ளைகளும் உண்ண, உடுக்க, குளிர்காய இவ்வளவு தேவை என்று நாடாளுமன்றமே கணக்குப் போட்டுக் கொடுத்த தொகை அது. அதிலிருந்து வாடகைக்கு எடு என்றால், அந்தக் கணக்கையே ஒரு அதிகாரி திருத்துகிறார் என்று அர்த்தம்.

கவுண்டி நீதிமன்றம் மாநகராட்சி பக்கம் நின்றது. 2015 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே. அதிகாரிக்கு விருப்புரிமை உண்டு, அவர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார் என்ற போக்கில் போனது. உச்ச நீதிமன்றத்தில், வீடற்றவர்களுக்காக இயங்கும் ஷெல்டர் அமைப்பும், பிள்ளைகளின் வறுமைக்காக வாதாடும் சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப்பும் இடையீட்டாளர்களாக, அதாவது வழக்கின் தரப்பாக இல்லாமல் தங்கள் வாதத்தைச் சொல்ல, வந்தன. தீர்ப்பை எழுதியவர் கார்ன்வாத் பிரபு.

அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். துண்டு விழுந்த தொகையை இந்தத் தாய் எப்படியாவது சமாளித்திருக்க முடியுமா என்பதல்ல கேட்க வேண்டியது. வாடகை தவிர அவருடைய நியாயமான வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும்போது பிள்ளைகளின் தேவையையும் நலனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதவித்தொகைகள் பிழைப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் மிச்சம் வைப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவர் காட்டிய 1,234.99 பவுண்ட், அரசே போதும் என்று நிர்ணயித்த 1,349.33-க்குள் அடங்கிவிடுகிறது. வேறு எந்தப் புறநிலை அளவுகோலும் முன்வைக்கப்படாதபோது, அந்தச் செலவு நியாயமற்றது என்று எதை வைத்துச் சொல்வது? முடிவு ரத்தானது. காலம் இவ்வளவு போய்விட்டதால், இப்போதைய நிலைமையைப் பார்த்து மாநகராட்சி முழுப் பொறுப்பையும் ஏற்கும் என்று நம்புவதாகவும் தீர்ப்பில் எழுதினார்.

வழக்கு வென்றது. ஆனால் 2011-ல் பிள்ளையாக இருந்தவர்களின் வயதில் 2019-க்குள் எட்டைக் கூட்டிப் பாருங்கள். அதனால்தான் இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இனி, எங்கே எது நடந்திருக்கலாம் என்று பார்ப்போம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே, மாதம் 151.49 துண்டு விழத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, செய்யக்கூடியது ஒன்று அப்போது இருந்தது. டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட். வாடகைக்கும் பெனிஃபிட்டுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப கவுன்சில் தன் விருப்பப்படி தந்த கூடுதல் தொகை அது. கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் கேட்டால்தான் கிடைத்தது, கேட்டாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான். இது இருப்பதே தெரியாமல் பாக்கியில் மூழ்கிப் போன குடும்பங்கள் ஏராளம்.

அடுத்து நோட்டீஸ் வந்த நாள். இன்று இதே குடும்பம் வந்தால் சட்டமே வேறு. 2017-ம் ஆண்டு வீடின்மைக் குறைப்புச் சட்டம் 2018 ஏப்ரல் 3 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 28 நாளுக்குள் வீடு போகும் ஆபத்து இருந்தால்தான் கவுன்சில் காதுகொடுக்க வேண்டும். இப்போது அது 56 நாள். அதற்குள் வீடு போகும் நிலை என்று காட்டினாலே, வீடு போகாமல் தடுக்க உதவும் கடமை கவுன்சிலுக்கு வந்துவிடுகிறது. வீடு போய்விட்டால் இன்னொரு 56 நாளுக்கு வேறு இடம் தேட உதவும் கடமை. இந்த இரண்டு கட்டத்திலும் 'நீ வேண்டுமென்று இழந்தாயா' என்ற கேள்வியே வராது, முன்னுரிமைப் பிரிவா என்பதும் வராது. அந்தக் கேள்விகள் முழுக் கடமைக்கான வாசலில்தான் நிற்கின்றன. ஆகவே சீக்கிரம் போகிறவருக்குக் கிடைப்பதும், கோர்ட் அனுப்பும் பேலிஃப் வந்து பூட்டை மாற்றிய பிறகு போகிறவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. ஆனால் 'கோர்ட் ஆர்டர் வரும்வரை இருங்கள், பிறகு வாருங்கள்' என்று வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வாயால் சொன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்டதும் பதிலின் தொனி மாறுவதைப் பலமுறை பார்க்கலாம்.

சரி, அந்தச் செலவுத் தாள். லண்டனில் நம் ஆட்களோடு உட்கார்ந்து இதை நிரப்பியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

"சாப்பாட்டுக்கு எவ்வளவு அக்கா?"

"ஒரு முந்நூறு எண்டு போடுங்கோ அண்ணை. கூடப் போட்டா என்ன நினைப்பினம்?"

வங்கிக் கணக்கை விரித்துப் பார்த்தால், கடைகளில் மட்டும் ஐந்நூற்றுக்கு மேல் போயிருக்கும். உடுப்புக்கு என்ன என்றால் "உடுப்பு ஒண்டும் வாங்கிறேல்லை" என்பார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியது நினைவிலேயே இருக்காது. கடன் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். கைமாற்றாக வாங்கியது கடன் இல்லை என்று ஒரு நினைப்பு. மானம் மரியாதையோடு வாழ்ந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தாளில் நடப்பது என்ன? உண்மையான செலவை இருநூறு குறைத்து எழுதினால், காகிதத்தில் இருநூறு பவுண்ட் மிச்சம் தெரியும். அந்த மிச்சத்தைக் காட்டித்தான் 'வாடகை கட்ட முடிந்தும் கட்டவில்லை' என்று எழுதுவார்கள். சிக்கனக்காரர் என்று பெயரெடுக்கச் சொன்ன எண், வேண்டுமென்றே வீட்டை இழந்தவர் என்ற பெயரை வாங்கிக் கொடுக்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. யாரோ சொல்லிக் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கிக் கொண்டுவருகிறவர்கள். வங்கிக் கணக்கு அதைத் தாங்காது. ஒரு எண் பொய்யென்று தெரிந்தால் மற்ற ஒன்பதும் சேர்ந்து விழும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மூன்று மாத வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு, வரி வரியாக, ஆளோடு பேசிப் பேசி எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை.

வாரமும் மாதமும் கலப்பது இன்னொரு தொல்லை. வாரக் கணக்கை நாலால் பெருக்கி மாதமாக்குகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் வருடத்தில் நாலு வாரச் செலவு காணாமல் போகும். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். இந்த வழக்கிலேயே பாருங்கள். 151.49-ஐ வாரக்கணக்கில் மாற்றினால் 34.96 வரும், கிட்டத்தட்ட 35. முடிவில் அது 34 என்று நின்றது. மாதத்துக்கு நாலு பவுண்ட் வித்தியாசம். வழக்கை அது மாற்றியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதம் 37 பவுண்ட் குறைகிற வீட்டில் நாலு பவுண்ட் என்பது சில்லறை இல்லை.

தாளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்கு நடைமுறைச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கவுன்சிலின் முடிவு கைக்கு வந்தால் மறுபரிசீலனை கேட்க 21 நாள். அதற்குப் பிறகு கவுண்டி நீதிமன்றம் போகலாம், அதற்கும் 21 நாள். ஆனால் நீதிமன்றத்தில் எடுபடுவது சட்டப் பிழை மட்டும்தான். உங்கள் சாப்பாட்டுச் செலவு 300-ஆ 500-ஆ என்று நீதிபதி புதிதாக எண்ணிப் பார்க்க மாட்டார். அதிகாரி சரியான கேள்வியைக் கேட்டாரா என்று மட்டுமே பார்ப்பார். அதாவது, உண்மைகளைச் சேர்க்கக் கடைசி இடம் மறுபரிசீலனைக் கோப்புதான். அங்கே எழுதாமல் விட்டது மேலே போனால் பெரும்பாலும் எழுதப்படாமலேயே நிற்கும். பர்மிங்காம் தாய் கடைசியில் வென்றதற்கு ஒரு முக்கியக் காரணம், மறுபரிசீலனைக் கட்டத்திலேயே அவருடைய வழக்கறிஞர்கள் இனம் இனமாக ஒரு பட்டியலைக் கோப்பில் வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் கையில் எடுத்துப் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான்.

மறுபரிசீலனை நடக்கும் காலத்தில் எங்கே தங்குவது என்பது தனிக் கேள்வி. அதுவரை தற்காலிக இடத்தைத் தொடர்ந்து தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தரலாம், அவ்வளவுதான். கேட்கும்போது வழக்கின் பலம், புதிதாக வந்த தகவல், குடும்பத்தின் நிலைமை மூன்றையும் எழுதிக் கேட்க வேண்டும். மறுத்தால் அவசரமாக உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். இது வழக்கறிஞர் வேலை, ஆலோசகர் தனியாகத் தூக்கிச் சுமக்கக் கூடாது.

யாரிடம் போவது? 1996 சட்டத்தின் 179-ம் பிரிவுப்படி வீடின்மை பற்றிய ஆலோசனையைத் தன் எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது கவுன்சிலின் கடமை. ஆனால் முடிவெடுக்கிறவரே ஆலோசனையும் சொல்லும்போது, அந்த முடிவை எதிர்ப்பது எப்படி என்பதை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் வெளியில் இருக்கும் சேவைகள் வேண்டும். 1966-ல் தொடங்கிய ஷெல்டர், இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரில் பிறந்த இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஊர் ஊராக இருக்கும் இலவசச் சட்ட ஆலோசனை மையங்களான லா சென்டர்கள். வீடு போகும் நிலைக்கும் வீடின்மை முடிவுகளை எதிர்ப்பதற்கும் அரசுச் சட்ட உதவி இன்றும் உண்டு. ஆனால் 2013 ஏப்ரலில் நடந்த அரசுச் செலவு வெட்டில், பெனிஃபிட் தொடர்பான ஆலோசனைக்கான சட்ட உதவி பெரும்பாலும் போய்விட்டது. என்ன விசித்திரம் பாருங்கள். வாடகை பாக்கி பெரும்பாலும் பெனிஃபிட் சிக்கலில்தான் தொடங்குகிறது. தொடங்கும் இடத்தில் வக்கீல் உதவி இல்லை, வீடு போகும் இடத்தில் இருக்கிறது.

தீர்ப்பு தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாடகைக்கும் உதவித்தொகைக்கும் நடுவில் இப்படித் துண்டு விழுவது ஏன் இவ்வளவு பெருகியது? தனியார் வாடகைக்கான உதவித்தொகையை முன்பு ஒரு வட்டார வாடகைகளின் நடு அளவை வைத்து நிர்ணயித்தார்கள். 2011 ஏப்ரலில் அதை மலிவான 30 சதவீத வீடுகளின் அளவுக்கு இறக்கினார்கள். 2016 முதல் நான்கு வருடம் அந்தத் தொகை பெரும்பாலான இடங்களில் அசையவே இல்லை. 2020-ல் ஏற்றினார்கள், மறுபடி உறைய வைத்தார்கள், 2024 ஏப்ரலில் திரும்ப ஏற்றினார்கள். வாடகை அந்தக் காலமெல்லாம் உறைந்திருக்கவில்லை. 2023-ல் இங்கிலாந்தில் தற்காலிக இடங்களில் இருந்த குடும்பங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல். எந்தச் செலவுத் தாளும் இந்தப் பள்ளத்தை மூடாது. காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21-ம் பிரிவு நோட்டீஸை 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் ஒழிக்கிறது. நல்லது. ஆனால் வாடகை பாக்கிக்காக வெளியேற்றுவது அந்தச் சட்டத்திலும் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பெனிஃபிட் அளவுக்குள் இருக்கும் எந்தச் செலவும் தானாகவே நியாயமானது என்று இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பின்னால் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் அதைத் தெளிவாக்கிவிட்டன. வேறு புறநிலை அளவுகோலை வைத்து ஒவ்வொரு இனத்தையும் அதிகாரி பார்த்தால், முடிவு நிற்கக்கூடும். ஆகவே கடிதத்தில் தீர்ப்பின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று இருக்கக் கூடாது. பெரிய இனங்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள்: கேஸ் ஏன் இவ்வளவு, பஸ் யார் யாருக்கு, மருத்துவர் சொன்ன சாப்பாடு எது, எந்தப் பிள்ளைக்கு என்ன. ரசீது இருந்தால் இணையுங்கள். முடிவுக் கடிதத்தின் தேதியையும் 21-ம் நாள் எது என்பதையும் கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.